பச்சை பெல்ட்டுக்கான ஓடு

வெறுங்காலோடு நின்றால் விரலிடுக்குகளில் கோலமாவு போல ஏறிக்கொள்ளும் வெள்ளைத் தூசி, வெயில் ஏறுவதற்கு முன் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து வியர்வையோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, கணுக்காலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் வரிசையாக இருக்கிற பகுதியில், மூடிக்கிடந்த ஒரு கம்பெனியின் பின்புறம், ஒரு காலத்தில் ஈரச் சாமான்களைக் காயவைத்த சிமெண்டுக் களத்தில்தான் எங்கள் கராத்தே வகுப்பு நடந்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகளின் கராத்தே டிரெஸ் ஒரே மாதத்தில் செம்மண் ஏறிப் பழுப்பாகிவிடும் என்பார்கள். எங்களுடையது விழுந்து புரண்டாலும் வெள்ளையாகவே இருக்கும், ஏனென்றால் எங்கள் ஊர் அழுக்கே வெள்ளை. மழை நனைத்த சுவரின் வாசனை போல இருக்கும் அந்தத் தூசியின் வாசனை இன்றைக்கு எங்கே மூக்கில் பட்டாலும் எனக்கு அந்தக் களம் கண்முன் வந்து நிற்கிறது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை ஆறரைக்கு வகுப்பு. மாஸ்டர் மற்ற நாட்களில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை எண்ணி எண்ணியே பழகிப்போனதால் வரிசையில் ஒரு தலை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கழுத்தில் விசில், கையில் ஒரு முழ பிளாஸ்டிக் பைப்பு. அந்தப் பைப்பால் அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அது எங்கள் முதுகுக்குப் பின்னால் காற்றில் சுழலும் சத்தமே போதுமானதாக இருந்தது. வெள்ளையில் சேர்ந்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன், கறுப்பு என்று ஏறிக்கொண்டே போக வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை "பெல்ட் டெஸ்ட்". ஆரஞ்சு வரைக்கும் பெரிய தொல்லை இல்லை. குத்து, உதை, தடுப்பு, அப்புறம் "கட்டா" என்று சொல்கிற, எதிரே ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு வரிசை மாறாமல் செய்துகாட்டும் அடிமுறை, இவ்வளவுதான். பச்சைக்குப் போகிறவர்கள் மட்டும் கையை மடக்கி ஓர் ஓட்டைக் குத்தி உடைக்க வேண்டும். "ஆரஞ்சு வரைக்கும் டான்ஸுங்க, பச்சையிலேருந்துதான் கராத்தே" என்று மாஸ்டர் பெற்றோர்களிடம் பெருமையாகச் சொல்வார். டான்ஸே போதுமே என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

என்னை அங்கே சேர்த்தது அம்மா. அப்பா லாரியில் போகிறவர், பத்து நாளைக்கு ஒருமுறை வந்து ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மாவுக்கு கேஸ் சிலிண்டர் என்றால் பயம், தெருநாய் என்றால் பயம், ரயில்வே கேட் என்றால் பயம்; நான் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்துவிடுவாள். ஆறாவது படிக்கும்போது, டியூஷனிலிருந்து வரும் வழியில் ஒருவன் சைக்கிளில் பின்னாலேயே வந்தான் என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாஸ்டர் முன்னால் நிறுத்தினாள். "பொட்டப் புள்ளைங்க, தனியா போவுது வருது. நாலு அடி அடிக்கக் கத்துக்குடுத்துடுங்க, அப்பறம் எனக்குப் பயமில்ல" என்றாள். அம்மாவின் பயம் தீர்வதற்காகச் சேர்க்கப்பட்ட நான், அங்கே போய் எனக்கென்று தனியாக ஒரு பயத்தைத் தேடிக்கொண்டேன்.

ஆனால் இதே அம்மா வேலை செய்யும் இடத்தில் வேறு ஆள். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கம்பெனியில், சூளையிலிருந்து வெந்து வரும் பியூஸ் கட்டைகளையும் சின்னச் சின்னப் பீங்கான் சாமான்களையும் தரம் பிரிப்பது அவள் வேலை. கைக்கு ஒன்றாக இரண்டை எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டுவாள். "ணங்" என்று கேட்டால் நல்ல சரக்கு. "டொக்" என்று செத்த சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம். அது பின்பக்கம் இருக்கும் கழிவு மேட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த அறையில் பத்துப் பெண்கள் இதே வேலையைச் செய்தார்கள் என்றாலும் சந்தேகம் வந்தால் எல்லோரும் அம்மாவிடம்தான் நீட்டுவார்கள். "தனம் அக்கா சரின்னா சரி" என்பார்கள். ஒருமுறை அவசர ஆர்டர் என்று முதலாளியே வந்து, ஒதுக்கி வைத்ததில் கொஞ்சத்தை நல்ல பெட்டியில் போடச் சொன்னபோது, "என் கையால போட மாட்டேங்க, நீங்க வேணா போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாளாம். அந்தப் பெண்களின் பிள்ளைகளான எங்களுக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டு டம்ளர், டீக்கடை கிளாஸ், கடையில் வாங்கும் சாமி பொம்மை, எதையும் ஒரு தட்டு தட்டாமல் கையில் வாங்க மாட்டோம்.

டெஸ்டுக்கான ஓடும் அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது. மற்ற ஊர்களில் வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் பழைய கூரை ஓட்டை வைத்து உடைப்பார்கள். எங்கள் ஊரில் மிச்சக் களிமண்ணைச் சதுரமாக, சுண்டுவிரல் கனத்தில் தட்டி, பூச்சு எதுவும் பூசாமல் ஒரே ஒரு தடவை வேகவைத்துக் கொடுத்துவிடுவார்கள். உடைப்பதற்கு முன் அதைத் தட்டிக் காட்டுவதும் எங்கள் வகுப்பில் மட்டுமே இருந்த வழக்கம். உடைக்கப் போகிறவர் ஓட்டின் ஒரு மூலையை இடது கை விரல்களால் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கி, வலது கை முட்டியால் மூன்று தட்டு தட்ட வேண்டும். கூட்டத்தில் இருக்கிற அம்மாக்கள் "ணங்" சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். அதற்கப்புறம்தான் இரண்டு செங்கல் மேல் ஓட்டை வைத்துக் குத்துவது. டெஸ்ட் எடுக்கப் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸேறி வரும் பெரிய மாஸ்டருக்கு இந்த விவரம் தெரியாது. "ஒடைக்கப் போற பொருளக் கூட இந்த ஊர்ப் புள்ளைங்க கும்புட்டுட்டுத்தான் ஒடைக்கிதுங்க" என்று மற்ற ஊர் வகுப்புகளில் எங்களைப் புகழ்ந்து சொல்லி வந்தாராம். நாங்களும் அவரைத் திருத்தவில்லை. ஆனால் டெஸ்ட் தொடங்குவதற்கு முன் அவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "விரிசல் வுட்ட ஓட்ட ஒடைச்சு வாங்கறதுக்குப் பேரு பெல்ட்டு இல்ல, பாவாட நாடா."

நான் ஆரஞ்சு வாங்கிய அதே நாளில்தான் இர்பானின் கை போனது. மங்கலம்பேட்டையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருகிறவன், எங்களைவிட இரண்டு வயது பெரியவன், அன்றைக்குப் பச்சைக்கு நின்றான். கை ஓட்டைத் தொடுகிற கடைசி இம்மியில் பயந்து பின்னால் இழுத்துக்கொண்டான். அப்படி இழுத்தால் ஓடு உடையாது, கைதான் உடையும். நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். முருங்கைக்காயை ஒடிப்பது போன்ற அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவன் அழவில்லை. கையை இன்னொருவருடையதைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டே நின்றான். அவனுடைய அத்தா வளைகுடாவில் இருந்ததால் மாமா ஒருவர் பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனார். மாவுக்கட்டோடு ஒரு சனிக்கிழமை வந்து எங்களிடம் அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டான், காலாண்டுப் பரீட்சை எழுதவில்லை என்றான், அப்புறம் வகுப்புக்கு வரவே இல்லை. வீட்டில் அம்மா அதைப் பற்றிப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். எந்த விரல், எந்த எலும்பு, எவ்வளவு வீங்கியிருந்தது, எப்போது பிரிப்பார்கள் என்று நச்சரித்தாள்.

அடுத்த ஆறு மாதமும் எனக்கு நடந்தது ஒன்றுதான், பயம். காலையில் பல் விளக்கும்போது பிரஷ் பிடித்த கையைப் பார்ப்பேன், இந்த விரல்கள் ஒடிந்துவிடும் என்று நினைப்பேன், வாய் நுரையோடு அப்படியே நிற்பேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே சாப்பாடு இறங்காது. பழைய செய்தித்தாளை அடுக்கிக் கட்டி அதன் மேல் தினமும் ஐம்பது குத்து குத்தச் சொல்லியிருந்தார் மாஸ்டர்; குத்துவேன், ஆனால் ஒவ்வொரு குத்திலும் கடைசி இம்மியில் கை தானாக நின்றுவிடும். இர்பான் இழுத்த மாதிரியே நானும் இழுக்கிறேன் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அடுப்படியில் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். "வேணாம்னா வுட்டுடேன்டி, யாரு கேக்கப் போறா" என்று ஒரு நாள் சொன்னாள். விட முடியவில்லை. பச்சை பெல்ட் வாங்கப் போகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேல் கோகிலா இருந்தாள்.

கோகிலா என் வகுப்புத் தோழி, வெள்ளை பெல்ட்டிலிருந்து ஒன்றாக ஏறி வந்தவள். அவள் அம்மா செல்வி அத்தை, என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறவர். கோகிலாவுக்கும் பயம் உண்டு, ஆனால் அவள் அதை வெளியில் எடுத்துப் போட்டுப் பேசுவாள். "எனக்கு ஒண்ணுக்கு வந்துடும் போலருக்குதுடி" என்று டெஸ்டுக்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டு சிரித்தாள். நான் என் பயத்தை அவளிடம்கூடச் சொன்னதில்லை. அவள் பச்சை கட்டி நான் ஆரஞ்சில் நிற்பதை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை, கை ஒடிவதைவிட அது கொஞ்சம் அதிகப் பயமாக இருந்தது.

அந்த முறை எட்டுப் பேர் பச்சைக்கு நின்றோம். இர்பானின் விஷயத்துக்குப் பிறகு பெற்றோர்கள் ஓட்டைக் குறை சொன்னதால், மாஸ்டர் கம்பெனிக்கே போய் அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். "அக்கா, நீங்களே தட்டிப் பாத்து எட்டு ஓடு எடுத்துக் குடுத்துடுங்க. ஒங்க காதுக்கு மேல எனக்கு வேற சர்டிபிகேட்டு வேணாம்." அம்மா எட்டு ஓடுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் எங்கள் பெயரை எழுதிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். உபரியாக இரண்டு ஓடுகளைப் பெயர் எழுதாமல் வைத்தாள்.

டெஸ்ட் நடந்த ஞாயிற்றுக்கிழமை களத்தில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கடைக்காரர்கள், வாத்தியார்கள், பேன்ட் போட்ட அப்பாக்கள். இன்னொரு பக்கம் விரித்த தார்ப்பாயில் கம்பெனிப் பெண்கள், நடுவில் அம்மாவும் செல்வி அத்தையும். பெரிய மாஸ்டர் நாடா வாசகத்தைச் சொல்லி முடித்தார். முதல் பெயர் கோகிலா. அவள் ஓட்டைத் தூக்கித் தட்டினாள். கோயில் மணியின் ஓரத்தைச் சுண்டியது போல "ணங்" என்று மூன்று தடவை கேட்டது, பெண்கள் தலையாட்டினார்கள். முதல் குத்தில் ஓடு அசையவில்லை. இரண்டாவதில் செங்கல்தான் நகர்ந்தது. மூன்றாவதில் அவள் கத்திய கத்து எனக்கு நெஞ்சில் அறைந்தது, ஆனாலும் ஓடு முழுசாகவே கிடந்தது. மூன்று வாய்ப்புதான். புறங்கை பன் மாதிரி வீங்கி, கண்ணில் தண்ணீர் முட்ட, வணக்கம் சொல்லிவிட்டு ஆரஞ்சு பெல்ட்டோடு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

அடுத்து நான். ஓட்டை எடுத்தேன், மூலையைப் பிடித்துத் தூக்கினேன், தட்டினேன். "டொக்."

இரண்டாவது தட்டும் அப்படித்தான் கேட்டது. மூன்றாவதும் அதேதான். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவளுக்குத் தப்பாகக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆறு மாதமாகக் கழுத்தைப் பிடித்திருந்த கை சட்டென்று விட்டது போல மூச்சு இறங்கியது. அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு புடவை முந்தானையில் ஒட்டியிருந்த தூசியை விரலால் சுண்டிக்கொண்டிருந்தாள். தார்ப்பாயில் இருந்த ஒருவரும் தலையாட்டவில்லை. நாற்காலிப் பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பெரிய மாஸ்டர், நான் ரொம்ப நேரம் கும்பிடுகிறேன் என்று நினைத்தோ என்னவோ, "ம், ஆரம்பி பாப்பா" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓடு சரியில்லை மாஸ்டர் என்றால் போதும், உபரி ஓட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த உபரி ஓட்டில் விரிசல் இருக்காது; எனக்கு இர்பானின் கை நினைவுக்கு வந்தது. சொன்னால் அம்மாவின் பெயர் என்ன ஆகும் என்றும் நினைத்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன், ஆனால் உண்மையில் அது அப்புறம் வந்த நினைப்பு. ஓட்டைச் செங்கல் மேல் வைத்தேன், குத்தினேன். கை முழு வேகத்தில் இறங்குவதற்கு முன்பே அது இரண்டாகப் பிளந்து விழுந்தது. நாற்காலிப் பக்கம் கைத்தட்டலில் அதிர்ந்தது. மாஸ்டர் விசில் ஊதினார். பெரிய மாஸ்டர் தன் கையாலேயே என் இடுப்பில் பச்சை பெல்ட்டைக் கட்டிவிட்டு, "தைரியசாலி" என்றார். தார்ப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு கைத்தட்டல்கூட வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா பாதி தூரம் வரை எனக்கு முன்னால் நடந்தாள். அப்புறம், "கை வலிக்குதா?" என்றாள். "இல்ல" என்றேன். "சரி, வா" என்றாள். அதற்கு மேல் அந்த ஓட்டைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வந்ததில்லை. அந்த வாரம் மட்டும் தினமும் எனக்குப் பிடித்த குழம்பாக வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒடிந்துவிடும் என்ற பயம் போன இடத்தில் பிடிபட்டுவிடுவேன் என்ற பயம் வந்து உட்கார்ந்தது. எங்கள் வகுப்பில், உடைத்த ஓட்டில் ஒரு பாதியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பெயர் எழுதிய பாதியைக் களத்துச் சுவர் மேல் வரிசையாக வைத்துவிடுவார்கள். புதிதாக உடைந்த விளிம்பு சர்க்கரை மாதிரி மினுங்கும். விரிசல் பழையதாக இருந்தால் அந்த இடம் மட்டும் புகை ஏறி மங்கலாக இருக்கும். என் பெயரும், அம்மாவின் எழுத்தும், அந்த மங்கல் கோடும், மூன்றும் சேர்ந்து சுவர் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மாஸ்டரோ புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முன்னால் என்னை நிறுத்தி, "ஒரே குத்து. பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெல்ட் நிறப்படி வரிசை நிற்பதால் கோகிலா இப்போது எனக்கு நேர் பின்னால் நின்றாள். அவள் முன்போலவே பேசினாள், சிரித்தாள், தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எனக்குத்தான் பிடரியில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது.

மூன்றாவது வாரம் அந்தப் பாதியைத் திருடிவிடலாம் என்று முடிவுசெய்து, யாரும் வருவதற்கு முன் ஆறு மணிக்கே களத்துக்குப் போனேன். சுவர் மேல் மற்ற ஓடுகள் எல்லாம் இருந்தன, என்னுடையது மட்டும் இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாததால் எல்லோரும்தான் எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மாஸ்டர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் இதோ கேட்கப் போகிறார் என்று உள்ளங்கால் ஜில்லிட்டது. நீலத்துக்கு இரண்டு ஓடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து உடைக்க வேண்டும். அந்த டெஸ்டுக்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது, நடிப்பில்லை, நிஜக் காய்ச்சல். அதற்குப் பிறகு படிப்பு அதிகம் என்று சொல்லி நின்றுகொண்டேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. நான் படுத்துக் கிடந்த அதே டெஸ்டில் கோகிலா முதல் குத்திலேயே ஓட்டை உடைத்துப் பச்சை வாங்கினாள் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது அந்தக் களத்தில் பிளாஸ்டிக் நாற்காலி குடோன் இருக்கிறது. மாஸ்டர் ஊரைவிட்டே போய்விட்டார். அம்மா வேலை செய்த கம்பெனியும் இல்லை, அந்தப் பத்துப் பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். நான் விழுப்புரத்தில் இருக்கிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள். என் மகள் யாழினிக்குப் பத்து வயது, இங்கே மாடியில் ஏசி போட்ட ஹாலில் கராத்தே கற்றுக்கொள்கிறாள். இங்கே ஓடெல்லாம் கிடையாது. இரண்டு துண்டாகப் பொருத்திய பிளாஸ்டிக் பலகை ஒன்று. ஓங்கிக் குத்தினால் நடுவில் பிரியும், மறுபடி பொருத்திக்கொள்ளலாம். அதிலும் பழசாகிப் பொருத்து தேய்ந்த பலகை ஒன்று உண்டு, கொஞ்சம் பலமாகத் தொட்டாலே பிரிந்துவிடும். நாளைக்கு யாழினிக்குப் பச்சை பெல்ட் டெஸ்ட். போன வாரம் அவளுடைய மாஸ்டருக்கு போன் செய்து, அவள் முறை வரும்போது அந்தப் பழைய பலகையை வையுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கோகிலாவைப் பார்த்தேன். ஸ்ரீமுஷ்ணத்தில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறாள், இரண்டு பையன்கள், செல்வி அத்தை அவளோடுதான் இருக்கிறாராம். பந்திக்குக் காத்திருக்கும்போது பழைய கதையெல்லாம் பேசினோம். பேச்சு டெஸ்டுக்கு வந்தது. எப்படியோ சொல்லிவிட்டேன், அன்றைக்கு என் ஓட்டில் விரிசல் இருந்தது என்று. அவள் அப்பளத்தை நொறுக்குவது போல வெகு சாதாரணமாக, "தெரியுமே" என்றாள்.

"தெரியுமா?"

"தார்ப்பாயில ஒக்காந்திருந்த எல்லாருக்கும் தெரியும்டி. செவுத்து மேலேருந்து அந்தப் பாதிய எடுத்தது நான்தான். மாஸ்டர்கிட்ட காட்டணும்னு பையில போட்டுக்கினேன். எங்கம்மா புடுங்கிக் கழிவு மேட்டுல வீசிடுச்சு. தனம் அக்காவுக்கு வேல போயிடும்டின்னுச்சு."

அவளே தொடர்ந்தாள். "எனக்கு ஒம்மேல கோவமில்ல. எங்கம்மா மேலதான் கோவம். ஒங்கம்மா ஓடு பொறுக்கும்போது கேட்டுருக்காங்க, ஒம் பொண்ணுக்கும் இப்புடி ஒண்ணு வச்சுடட்டுமா செல்வின்னு. எங்கம்மா, வேணாம்க்கா, அவ ஒடைப்பான்னு சொல்லியிருக்கு. வூட்டுக்கு வந்து கத்துனேன், ஒடைக்கலியே, கை வீங்கிக் கெடக்குதே, இப்ப நீ இன்னா சொல்றன்னு. இன்னிக்கு ஒடைக்கல, அவ்ளோதான்னுச்சு. மஞ்சப் பத்து போட்டுச்சு. மறுநாளே பேப்பர அடுக்கிக் குடுத்து, குத்துன்னுச்சு."

பந்தி கூப்பிட்டார்கள், எழுந்து போனோம். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. என் அம்மா என்மேல் உயிரையே வைத்திருந்தாள், அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் நான் உடைப்பேன் என்று அவள் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. எனக்கும் அந்த நினைப்பு வராமலே போய்விட்டது. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் யாழினியின் முகம்தான் கண்ணில் நின்றது.

இன்று காலை அவளுடைய மாஸ்டருக்கு மறுபடி போன் செய்தேன். "சார், அந்தப் பழைய பலகை வேணாங்க. எல்லாருக்கும் வைக்கிறதையே அவளுக்கும் வைங்க" என்றேன். "கை வீங்கிச்சுன்னா அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது மேடம்" என்றார். கேட்க மாட்டேன் என்றேன்.

கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த அம்மா, "யாருகிட்ட பேசற?" என்றாள். சொன்னேன். கோகிலா சொன்னதையும், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த ஓட்டைப் பற்றியும் சொன்னேன். அம்மா கையிலிருந்த கொத்தை உருவி முடித்தாள். அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "செல்விக்குப் பயமில்லன்னு நெனைக்காத. கோகிலா குத்துனப்ப அவ என் கையதான் புடிச்சுக்கினு இருந்தா. ஐஸு மாதிரி இருந்துச்சு அவ கை. அப்பக் கூட, நிறுத்துன்னு வாயத் தொறக்கலியே அவ. எனக்கு அப்புடி இருக்க முடியலம்மா."

நாளை காலை ஏழு மணிக்கு டெஸ்ட். யாழினிக்கு எதுவும் தெரியாது, உள்ளே டிரெஸ்ஸை மடித்து வைத்துக்கொண்டு எதையோ பாடிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவும் வருகிறேன் என்கிறாள். என் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.